மீன் தொட்டிக்கு ராத்திரி வைப்பது எப்படி

எனக்குத் தொழில் வயரிங். வில்லிவாக்கத்தில் 26 வருஷமாக ஏணியும் டெஸ்டருமாக அலைகிறேன். மார்கழியில் கோயில் சீரியல் செட் வேலை வந்துவிட்டால் விடியற்காலை நாலரைக்கே கிளம்ப வேண்டும். அப்படி ஒரு நாள் எழுந்தவன், கைப்பழக்கத்தில் ஹால் டியூப்லைட்டைத் தட்டினேன். அடுத்த நொடி தொட்டிக்குள் படபடவென்று சத்தம். ஜீப்ரா டேனியோ என்கிற சின்ன வரி மீன்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடிக் கண்ணாடியில் முட்டுகின்றன. எனக்கு நேரமாகிவிட்டது, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். சாயங்காலம் என் மனைவி பெருக்கும்போது சோபாவுக்கு அடியிலிருந்து ஒன்று வந்தது. நெத்திலிக் கருவாடு மாதிரி காய்ந்திருந்தது. ஃபில்டர் குழாய்க்காக மூடியில் நான் வெட்டிவிட்ட ரெண்டு விரல் அகல ஓட்டை வழியாகத் துள்ளியிருக்கிறது.

ஓட்டையை அன்றைக்கே ஸ்பாஞ்சு வைத்து அடைத்தேன். ஆனாலும் அந்தக் கலவரம் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. மகள் எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறாள். அவள் கல்லூரி லேபிலும் இதே ஜீப்ரா டேனியோதான். "தூங்கிட்டிருக்கறவங்க மூஞ்சில ஹெட்லைட் அடிச்சா என்னப்பா பண்ணுவாங்க?" என்றாள். இமை இல்லாத பிராணி தூங்குகிறதா முழித்திருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்க, அங்கிருந்து தொடங்கியதுதான் இதெல்லாம். மூன்று அடித் தொட்டி, 150 லிட்டர் சொச்சம், நியான் டெட்ரா 15, டேனியோ 6, அது இப்போது 5, அடியில் மேயும் கோரி 5, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் ஒன்று. என் வீட்டு நிலவரம் இது. உங்கள் வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் கீழே சொல்லும் வேலைகளை நாலு நாள் செய்துவிட்டு விட்டுவிடுவீர்கள்.

தெருவிளக்குப் பெட்டியில் ஃபோட்டோசெல் பார்த்திருப்பீர்கள். இருட்டினால் தானாக விளக்கைப் போடும், விடிந்தால் அணைக்கும். மீனின் தலைக்குள் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. மூளையின் மேல்பக்கம், மெல்லிய மண்டையோட்டுக்கு நேர் கீழே, பீனியல் என்கிற கூம்புச் சுரப்பி. நமக்கும் அது உண்டு. ஆனால் நம்முடையது மூளைக்கு ஆழத்தில் கிடக்கிறது, கண் பார்த்து நரம்பு வழியாகச் சொன்னால்தான் அதற்கு இரவு பகல் தெரியும். மீனுடையது வெளிச்சத்தை நேராகவே உணரும். பின்னாளில் தேனீக்களின் நடனத்துக்காக நோபல் வாங்கிய கார்ல் வான் ஃபிரிஷ் 1911-லேயே இதைத் தொட்டுவிட்டார். பார்வையில்லாத மின்னோ என்ற சிறு மீனின் தலையில் அந்த இடத்தில் வெளிச்சம் பட்டால் உடம்பு கறுக்கிறது, மறைத்தால் வெளுக்கிறது என்று கண்டார். ஆகவே கண்ணுக்கு நேரே வெளிச்சம் அடிக்காவிட்டால் போதும் என்ற கணக்கு மீனிடம் செல்லாது. தொட்டி விளக்கு இருப்பதே தலைக்கு மேலே.

இருட்டினதும் அந்தச் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். செரோடோனினை மெலடோனினாக மாற்றும் வழியில் ஒரு என்சைம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அந்த என்சைம் சிதைந்துபோகும், உற்பத்தி நிற்கும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து ஹால் லைட்டைப் போடுகிறவர்கள், நடுவில் மெயினை இறக்கி ஏற்றுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜீப்ரா டேனியோவிடம் ஃபோட்டோசெல்லோடு டைமரும் சேர்ந்தே இருக்கிறது. முழு இருட்டில் வைத்தாலும் அதன் பீனியல் தன் கணக்குப்படி இரவில் மெலடோனினைக் கூட்டும், பகலில் குறைக்கும். டிரவுட் மீனிடம் அந்தக் கடிகாரம் இல்லை. வெறும் ஃபோட்டோசெல்தான், இருட்டு இருக்கும்வரை சுரக்கும். இதை மகள் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. தெருவிளக்கு வேலையில் நாங்களும் ரெண்டு விதமும் மாட்டுகிறோம்.

மெலடோனின் வந்தால் தூக்கம் வந்தே தீருமா? டேனியோ விஷயத்தில் இது பெரிய அளவுக்கு நிரூபணமானது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் 2015-ல் அந்த என்சைமுக்கான ஜீன் வேலை செய்யாத டேனியோக்களைப் பார்த்தார்கள். சாதாரண மீன்கள் இரவில் தூங்கும் நேரத்தில் பாதிதான் அவை தூங்கின. அதற்கு முன் 2007-ல் ஸ்டான்ஃபோர்டில் கண்டது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்துத் தூங்கவிடாமல் செய்த டேனியோக்களை இருட்டில் விட்டால், விட்ட தூக்கத்தை ஈடுகட்டிக்கொள்கின்றன. ஆனால் தொடர்ந்து வெளிச்சத்தில் வைத்துத் தூக்கத்தைக் கெடுத்தால், பிறகு இருட்டு கிடைத்தாலும் ஈடுகட்டவில்லை. நாளைக்குச் சேர்த்துத் தூங்கிக்கொள்ளும் என்று நாம் நம்மை வைத்து நினைப்பது அங்கே எடுபடாது.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

உங்கள் மீன் இப்போது தூங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு சின்ன டார்ச்சின் வாயில் சிவப்பு ஜெலட்டின் பேப்பரை நாலு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். எல்லா விளக்கும் அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சைத் தொட்டியில் நேராக அடிக்காமல் பக்கத்துச் சுவரில் அடித்து அந்த மங்கலில் பாருங்கள். டேனியோவுக்கும் சிவப்பு தெரியும், அதனால் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தூங்கும் டேனியோ தரையை ஒட்டியோ மேற்பரப்பை ஒட்டியோ நிற்கும், வால் கொஞ்சம் தொங்கியிருக்கும், செவுள் மூடி திறப்பது மெதுவாகும். நியானின் நீலக் கோடு மங்கி, மீன் ஏதோ சாயம் போன துணி மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்தபோது செத்துப்போய்விட்டது என்றே நினைத்தேன். காலையில் வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால், அல்லது பகலில் விளக்கு எரியும்போதே அடியில் சாய்ந்து கிடந்தால், அது நோய். தண்ணீரைச் சோதியுங்கள். ஃபைட்டர் மீன் வைத்திருப்பவர்கள் மட்டும் இதில் கொஞ்சம் பொறுமை காட்ட வேண்டும். அது பாதாம் இலை மேல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு ஆளைப் பயமுறுத்தும்.

என் தொட்டியில் முதல் நாள் பார்த்தபோது ராத்திரி பதினொன்றரைக்கு டேனியோ ஐந்தும் பகல் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. காரணம் தேட வெகுதூரம் போகவில்லை. பூஜை அலமாரியில் ஒரு சிவப்பு பல்பு, ஹாலில் நீல நைட் லேம்ப், செட்டாப் பாக்ஸ், மோடம், ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு. அதற்கும் மேலே, தொட்டி விளக்கிலேயே நிலா வெளிச்சம் என்று ஒரு நீல மோடு. விளக்கு வாங்கிய கடையில், ராத்திரி முழுக்க அது எரிந்தால் மீனுக்கு நல்லது என்று சொல்லியிருந்தார்கள். நானும் நம்பி ஒரு வருஷம் எரியவிட்டேன். மீன் பீனியலில் இருக்கும் ஒளி நிறமி நன்றாகப் பிடிப்பதே 500 நானோமீட்டர் பக்கம், அதாவது நீலமும் பச்சையும் சேருமிடம். ஆக ராத்திரிக்கென்று தேர்ந்தெடுக்கக் கூடாத நிறத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன்.

அளவு எவ்வளவு என்று கேட்பீர்கள். பெர்லினில் பெர்ச் மீன்களை வைத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; ராத்திரியில் 1 லக்ஸ் வெளிச்சம் இருந்தாலே மெலடோனின் குறைந்தது. முழுநிலா வெளிச்சமே 0.3 லக்ஸைத் தாண்டுவது அபூர்வம். அரை வாட் எல்இடி நைட் லேம்ப் ஆறேழு அடி தள்ளி இருந்தால் தொட்டி மேல் ஏறக்குறைய 1 லக்ஸ் விழும் என்பது என் கணக்கு. பழைய ஜீரோ வாட் பல்பு இருந்தால் இன்னும் மோசம். பெயர்தான் ஜீரோ, 12-லிருந்து 15 வாட் வரை இழுக்கும். அந்தப் பெயரை நம்பி வருஷக்கணக்கில் பில் கட்டுகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

போன் ஆப்பில் லக்ஸ் பார்க்காதீர்கள், இந்த அளவெல்லாம் அதற்கு எட்டாது. பூஜ்யம் என்று காட்டும், நீங்களும் இருட்டு என்று நம்பிவிடுவீர்கள். நான் பண்ணுவது இதுதான். தினசரி காலண்டரைத் தொட்டிக் கண்ணாடியில் சாய்த்து வைத்துவிட்டு, எல்லாம் அணைத்து, பதினைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன். கண் பழகிய பிறகு பெரிய தேதி எண் இருப்பது தெரியலாம், பரவாயில்லை. கீழே பொடி எழுத்தில் இருக்கும் ராகுகாலம் எமகண்டம் படிக்க முடிந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். தேடுங்கள்.

கசிவை அடைப்பது தச்சு வேலை மாதிரி, ஒவ்வொன்றாக. நைட் லேம்ப்பைக் கழற்றி நடைபாதையில், முழங்கால் உயரத்தில், கீழே பார்க்கும்படி மாட்டினேன். மோடத்தின் விளக்குகள் மேல் இன்சுலேஷன் டேப். நீல மோடை அன்றோடு நிறுத்தினேன். சுவாமி விளக்கு மட்டும் பேச்சுவார்த்தைக்கு இடமில்லாத விஷயம். "மீனுக்காக முருகனை இருட்டுல உட்கார வைக்கணுமா?" என்று மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது. அலமாரிக்கு ஒரு சின்னத் திரை தைத்தாள், இரவில் நடை சாத்துகிற மாதிரி இழுத்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் டிவி பத்து மணி வரை ஓடும், அதை நிறுத்த யாராலும் முடியாது. அதனால் தொட்டிக்கே திரை போட்டேன். பழைய கறுப்புக் குடைத் துணியை மூன்று பக்கமும் தொங்கும்படி ஒட்டுத்துணி மாட்டித் தைத்தது. மேல் மூடியை மூடக் கூடாது, காற்று போக வேண்டும், விளக்குச் சூடும் வெளியேற வேண்டும். பின்பக்கம் சுவர் என்பதால் விட்டுவிட்டேன்.

அடுத்தது நேரம். அமேசான் நியானானாலும் தாய்லாந்து ஃபைட்டரானாலும் வங்கத்து டேனியோவானாலும் வெப்பமண்டலத்து ஜீவன்கள்தான், 12 மணி நேரத்தை ஒட்டிய பகலுக்குப் பழகியவை. சென்னையில் பகல் டிசம்பரில் 11 மணி 20 நிமிடம், ஜூனில் 13 மணிக்குக் கொஞ்சம் குறைவு. டேனியோ வளர்க்கும் லேப்களில் வழக்கம் 14 மணி வெளிச்சம், 10 மணி இருட்டு. நம் வீட்டில் இருட்டு 10 மணிக்குக் குறையக் கூடாது என்று பிடித்துக்கொள்ளுங்கள், போதும். எங்கள் வீட்டில் காலை ஆறரைக்கு ஜன்னல் திரை விலகும். தொட்டி விளக்கு பத்தரைக்குத்தான் எரியும், ராத்திரி எட்டுக்கு அணையும். எட்டரைக்குக் குடைத் துணி இறங்கும். தொட்டி விளக்கு ஒன்பதரை மணி நேரம், செடிக்கு அது தாராளம். அதற்கு மேல் எரியவிட்டால் பாசிதான் வளரும்.

இதைக் கையால் பண்ண முடியாது. ரெண்டே வாரத்தில் மறந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போகும். டைமர் வாங்குங்கள். இங்கேதான் ஒரு தொழில் ரகசியம். சுற்றிலும் குட்டிக் குட்டிப் பின் இருக்கும் மெக்கானிக்கல் டைமர் மலிவு, ஆனால் அது ஓடுவதே மெயின் கரண்டில். மாதாந்திர பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து ரெண்டு வரை கரண்ட் போனால் அந்த ஐந்து மணி நேரமும் டைமர் நின்றுவிடும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். உங்கள் மீனுக்கு அன்றைக்கு விளக்கு அணைவது நள்ளிரவு ஒரு மணிக்கு. ஒரு வாடிக்கையாளர் வீட்டில் இப்படி மூன்று மாதம் ஓடியிருக்கிறது. டிஸ்கஸ் மீன்கள் கறுத்துப்போய் மூலையிலேயே நிற்கின்றன என்று மருந்து மேல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராக வாங்குங்கள். விளக்கை மட்டும் அதில் மாட்டுங்கள். ஃபில்டரும் காற்று மோட்டாரும் நேர் லைனில் 24 மணி நேரமும் ஓட வேண்டும். ராத்திரியில் செடியும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது மூச்சுத்திணறல்.

எல்லா வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு தடவை தொங்கி வளைந்து பிறகு மேலே ஏறும்படி விடுங்கள், வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், இல்லாத வீட்டில் தயவுசெய்து தொட்டிக்குள் கை விடாதீர்கள்.

விளக்குப் போடும் வரிசை, டேனியோவைக் கொன்ற விஷயம். நமக்கு வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்கிவிடும். பெரும்பாலான மீன்களுக்கு அந்த வசதி இல்லை. விழித்திரைக்குள் நிறமியும் செல்களும் இடம் நகர்ந்துதான் வெளிச்சத்துக்குப் பழக வேண்டும், அதற்கு அரை மணி நேரம் அளவுக்குக்கூட ஆகும். அதனால் காலையில் முதலில் ஜன்னல், கடைசியில் தொட்டி விளக்கு. ராத்திரி முதலில் தொட்டி விளக்கு, அரை மணி கழித்து ஹால் விளக்கு அல்லது திரை. வெளிச்சத்தை மெல்ல ஏற்றி இறக்கும் விளக்குகள் கிடைக்கின்றன, கையில் காசிருந்தால் நல்லது. வரிசையை மாற்றாமல் இருந்தால் அது இல்லாமலே சமாளிக்கலாம்.

சில விதிவிலக்குகள். சக்கரும் தேளியும் ராத்திரி ஆட்கள். அவற்றுக்கும் மெலடோனின் இரவில்தான் ஏறும். அந்தச் சரக்கு சொல்வது இருட்டிவிட்டது என்ற செய்தியை மட்டும், அதைக் கேட்டுத் தூங்குவதா எழுந்து வேலைக்குப் போவதா என்பது அந்தந்த மீனின் சுபாவம். அவற்றுக்கான வில்லைத் தீனியைத் தொட்டி விளக்கு அணைந்த பிறகு போடுங்கள். தங்கமீன் இன்னும் வேடிக்கை, தீனி கிடைக்கும் நேரத்தைப் பார்த்துப் பகல் ஆளாகவோ ராத்திரி ஆளாகவோ மாறிக்கொள்ளும். அதற்குத் தீனி நேரத்தை மாற்றாதீர்கள். ஏஞ்சல் மீன் முட்டையிட்டிருந்தால் கொளத்தூர்ப் பண்ணைக்காரர்கள் ராத்திரியில் மங்கலாக ஒரு விளக்கு விடுவார்கள், தாய் தகப்பன் முட்டையைக் காக்கட்டும் என்று. அவர்கள் பிழைப்பு அது, நான் குறுக்கே பேசவில்லை. ஆனால் கடல் தொட்டியில் கோமாளி மீன் வைத்திருப்பவர்கள் அதைக் காப்பியடிக்க வேண்டாம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட சோதனையில் ராத்திரி வெளிச்சம் பட்ட முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லை.

கடைசியாக, மெலடோனின் மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கிறதே, கரைத்து ஊற்றலாமா என்று மூன்று பேராவது கேட்டுவிட்டார்கள். லேபில் டேனியோக் குஞ்சுகள் இருக்கும் தண்ணீரில் கலந்து தூங்கவைத்திருக்கிறார்கள், உண்மைதான். அங்கே அளவு தெரிந்து, காரணம் வைத்துச் செய்கிறார்கள். உங்கள் தொட்டியில் கலந்தால் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று உங்களுக்கும் தெரியாது, மீனுக்கும் தெரியாது. இருட்டு இலவசமாகக் கிடைக்கும்போது மாத்திரை எதற்கு?

திரை போட்டு மூன்றாவது வாரம், பத்தரை மணி விளக்குக்கு வெகு முன்னால், ஜன்னல் வெளிச்சம் வந்த கையோடு டேனியோக்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு செடிப் பக்கம் போய்ப் போய் வந்தன. சண்டை என்று நினைத்து மகளைக் கூப்பிட்டேன். விடிந்தவுடன் முட்டையிடுவது அந்த ஜாதியின் வழக்கமாம், லேபில்கூட விளக்கு எரிந்த முதல் கொஞ்ச நேரத்தில்தான் முட்டை எடுப்பார்களாம். இட்ட முட்டையை அவையே தின்றுவிடும். அதனால் தெருமுனைக் கடையில் ஐம்பது கோலிக்குண்டு வாங்கி வந்து ஒரு மூலையில் பரப்பியிருக்கிறேன், முட்டை இடுக்கில் இறங்கிவிடும். நாலரை மணி வேலைக்கு இப்போதும் போகிறேன். போன் வெளிச்சத்தைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, செருப்பைக்கூட வாசலுக்கு வெளியேதான் போடுகிறேன்.